இடமாகச் சுற்றிய வண்டி

அன்று காலை பழவேற்காட்டுக் கோட்டை முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

நீள மேசைக்குப் பின்னால், நடு நாற்காலியில் கோட்டைக்குத் தலைவரான பெரியதுரை. அவருக்கு வலப்பக்கம் மைக்கூட்டோடு கோட்டை எழுத்தர். இடப்பக்கம், நாற்காலி இல்லாமல் நின்றபடி, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி தருமன். மேசைக்கு எதிரே ஒரு முக்காலியில், சாட்சிக் கையெழுத்துக்காக அழைக்கப்பட்டிருந்த துணி வியாபாரி மீரான் மரக்காயர். அவருக்குப் பின்னால் விரித்திருந்த பாயில் உட்காராமல், பாயை ஒட்டி வெறுந்தரையில் வண்டித்தச்சர் உலகநாதன். தூண் நிழலில் குந்தியபடி மீனவர் குப்பத்துத் தலைவர் கண்ணப்பன். கொட்டடி வாசலில், இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே, உலகநாதனின் மகன் துளசிங்கம். அவன் காலில் விலங்கு.

மேல்மாடத்தில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் கறுப்பு உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியாக இருந்து இறந்துபோன சின்னதுரையின் மனைவி. அவள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

உலகநாதனின் மகள் லோகாம்பாளை உள்ளே விடவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியான அவள், கோட்டை வாசலுக்கு வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். விலங்கோடு நின்றவன் அவளுடைய அண்ணன். துரைக்குப் பக்கத்தில் நின்றவன் அவளுடைய புருஷன்.

இத்தனை பேருக்கும் நடுவில், வெயிலில், அந்த வண்டி ஒருக்களித்துக் கிடந்தது.

வண்டியின் கதை இதுதான். சென்னப்பட்டணத்து இங்கிலீஷ் கப்பித்தான் ஒருவரோடு சின்னதுரை பந்தயம் போட்டார். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில், தண்ணீர் வற்றி இறுகிய மணல் தரையில் இரண்டு கம்பங்கள் நடுவது. ஒற்றைக் குதிரை வண்டியில் அந்தக் கம்பங்களைச் சுற்றிச் சுற்றி வருவது. முந்தியவர் ஜெயித்தவர். சின்னதுரையின் வண்டியைப் பந்தயத்துக்குத் தயார்ப்படுத்தும் வேலை பழவேற்காட்டில் உலகநாதன் பட்டறைக்கு வந்தது. வேலை தாமதம் என்று ஒருநாள் பட்டறைக்கே வந்து, எல்லார் கண் முன்னாலும் துளசிங்கத்தைச் சவுக்கால் அடித்துவிட்டுப் போனார் சின்னதுரை.

பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் வண்டி கவிழ்ந்தது. சின்னதுரை அதன் அடியில் கிடந்தார். ஒருபக்க வார் தளர்ந்திருந்ததைப் பார்த்த சிப்பாய்கள், அடிபட்டவன் பழி தீர்த்துக்கொண்டான் என்று துளசிங்கத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

குற்றம் உறுதியானால் கடல் கடந்து பத்தாவியா தீவுக்குக் கப்பல். விலங்கோடு போகிறவர்கள் யாரும் அங்கிருந்து திரும்பி வந்ததாகப் பழவேற்காட்டில் ஒருவரும் சொன்னதில்லை. உறுதி செய்ய வேண்டியது நாகப்பட்டணத்தில் இருக்கும் மேலதிகாரிகள். விசாரணைக் கடிதம் இன்று போயாக வேண்டும்.

முதலில் கண்ணப்பனைக் கூப்பிட்டார்கள்.

"பாத்தேங்க," என்றார் அவர். "வலைங்கள சுருட்டிக்கினு எடத்த காலி பண்ணுன்னாங்க, பண்ணோம். வண்டி மொத சுத்துலயே நண்டு மாதிரி ஒருபக்கமா நடந்துச்சு. ரெண்டாஞ் சுத்துல கம்பத்தாண்ட திரும்பறப்போ, வலப்பக்கச் சக்கரம் மண்ணுல எறங்கிச்சு. அவ்ளோதான். நாங்க ஓடிப்போயி தூக்கறதுக்குள்ள பூட்டாரு."

"வேறு ஏதாவது?"

கண்ணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க ஆளுங்க நின்னு பேசிக்கினோம். இன்னாடா இது, பொணத்த சுத்தற மாதிரி எடமா சுத்தறாங்களேன்னு."

தருமன் பெரியதுரையிடம் பறங்கிப் பாஷையில் சொன்னான். கோட்டையில் துரைகளும் ஊர்க்காரர்களும் பேசிக்கொள்ள அந்தப் பாஷைதான். நண்டைச் சொன்னான். சக்கரம் இறங்கியதைச் சொன்னான். கடைசியை, "ஜனங்கள் பயந்துவிட்டார்களாம்," என்று முடித்துக்கொண்டான்.

அடுத்தது துளசிங்கம். வண்டியருகே போய்க் காட்டச் சொன்னார்கள். விலங்கை இழுத்துக்கொண்டு போய், ஆட்டுக்குட்டியைத் தடவுகிறவனைப் போல வண்டியின் வயிற்றைத் தடவினான்.

"பொட்டி அச்சு மேல உக்காரல துரை. இந்த ரெண்டு தோல் வாருலதான் தொங்குது. எடதுபக்கத்து வார் குட்டை. வலதுபக்கம் நாலு விரக்கடை நீளம். நான்தான் கட்டினேன். தெரிஞ்சிதான் கட்டினேன்."

தருமன் பெயர்த்துச் சொல்லச் சொல்ல எழுத்தரின் இறகு ஓடியது.

"வண்டி வேகமாத் திரும்பறப்போ பொட்டி வெளிப்பக்கமா சாயும். உள்ள இருக்கற ஆளையும் தள்ளும். வெளிப்பக்கத்து வார் இழுத்துப் புடிச்சா மாதிரி இருந்தா அந்தச் சாய்வத் தாங்கும். உள்பக்கம் கொஞ்சம் எறங்கி இருந்தா ஆளு கம்பத்துப் பக்கமே குந்திக்கினு இருப்பாரு. கவுறாது."

அவன் சக்கரத்துக்கு வந்தான். "பட்டாவப் பாருங்க. எடது சக்கரத்து இரும்பு அகலம். திரும்பறப்போ பாரம் பூரா அதும்மேலதான். ஒல்லிப் பட்டா போட்டா மண்ண அறுத்துக்கினு உள்ள போயிடும். ஓரத்தக்கூட அரம் போட்டு உருட்டி வச்சேன், குத்தக்கூடாதுன்னு. வலது சக்கரத்துக்கு ஒல்லியே போதும். அதுமேல சுமையே இல்ல. சும்மா எதுக்குக் குதிரைக்குப் பாரம்?"

பெரியதுரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வாலிபத்தில் கப்பலோட்டியவர். எந்தப் பக்கம் எடை வைத்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. குனிந்து இரண்டு பட்டாவையும் விரலால் அளந்து பார்த்தார்.

"சோதித்துப் பார்த்தீர்களா?"

"ஏரிக்கரையில கம்பம் நட்டு, சின்னதுரை எடைக்கு மணல் மூட்ட ஏத்தி ஓட்டினோம். ஒவ்வொரு தரமும் தடத்தப் பாத்தோம். எடது தடம் ஆழமா இருந்தா வார இழுப்போம், மறுபடி ஓட்டுவோம். கடைசியில ரெண்டு தடமும் ஒரே மாதிரி பதிஞ்சுது. நைனா அப்பதான் போதும்டான்னாரு."

தரையில் இருந்த உலகநாதன் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில், மகன் விலங்கில் நிற்பதை ஒரு கணம் மறந்த பெருமை இருந்தது.

அந்தப் பட்டறையில் யாருக்கும் ஒன்று தோன்றவில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? தேர் வலமாகப் போகிறது. கோயிலில் வலமாக வருகிறார்கள். கல்யாணத்தில் அக்கினியை வலமாகச் சுற்றுகிறார்கள். இடமாகச் சுற்றுவது ஒரே ஒரு காரியத்துக்கு. தோளில் நீர்க்குடத்தோடு, சுடுகாட்டில்.

பெரியதுரை வண்டியை ஒருமுறை சுற்றி வந்து நின்றார். அவர் முகம் மாறியிருந்தது. தருமனைப் பார்த்துப் பறங்கிப் பாஷையில் நிதானமாகச் சொன்னார்.

"இவன் சொல்வது வலப்பக்கம் திரும்பும் வண்டிக்குச் சரி. பந்தயம் இடப்பக்கம். கம்பம் ஓட்டுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அது இவனுக்குத் தெரியுமா? கேள்."

தருமன் மச்சானைப் பார்த்துத் திரும்பினான்.

"துரை கேக்கறாரு. வலதுபக்க வார நீயேதான் தளத்திக் கட்டினியா?"

"அதான் சொன்னேனே மச்சான். என் கையாலதான் கட்டினேன்."

"தன் கையாலேயே கட்டியதாகச் சொல்கிறான்," என்றான் தருமன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

முக்காலியில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மீரான் மரக்காயரின் விரல் நின்றது. அவர் தலை நிமிர்ந்து தருமனைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். மணி மறுபடி நகர்ந்தது.

"தெரிந்தே செய்தான் என்று எழுது," என்றார் பெரியதுரை எழுத்தரிடம். "சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்துக் காட்டிக் கையடையாளம் வாங்கலாம்."

*

மீரான் வெளியே வந்தபோது லோகாம்பாள் எழுந்து நின்றாள்.

"குந்தும்மா. இந்த வயித்தோட எதுக்கு எழுந்திருக்கற?"

"மரக்காயரே, உள்ள இன்னா நடக்குது?"

மீரான் படகின் விளிம்பில் கையை ஊன்றினார். சட்டென்று பதில் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. துணியைக்கூட வெளிச்சத்தில் மூன்று தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.

"உங்கண்ணன் நல்லாத்தான் சொன்னான். வண்டிய வலம் சுத்தறதுக்குக் கட்டினேன்னு புட்டுப் புட்டு வச்சான். துரைக்கே வெளங்கிடுச்சு. பந்தயம் எடப்பக்கமாச்சே, அத இவனுக்குச் சொன்னாங்களான்னு கேட்டாரு."

"அண்ணன் இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அந்தக் கேள்வி உங்கண்ணன் காதுக்கு வரவே இல்ல. நடுவுல உங்க வூட்டுக்காரரு முழுங்கிட்டாரு."

லோகாம்பாள் சட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க? நீங்க சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லலாம். சபையில கேக்காத பேச்சுக்கு வாய் தொறந்தா நாளைக்கு என் துணி மூட்டை இந்த வாசல் தாண்டாது. அது ஒண்ணு. வெக்கமாத்தான் கீது சொல்றதுக்கு." மீரான் ஏரியைப் பார்த்தபடி பேசினார். "இன்னொண்ணு, துபாஷி பொரட்டுப் பேசினாருன்னு நான் சொன்னா அவரு கழுத்துக்குக் கத்தி. அது யாரு கழுத்துன்னு யோசிச்சேன். உன் தாலி தொங்கற கழுத்தும்மா. அத வெட்டற உரிமை எனக்கு இல்ல."

அவர் போய்விட்டார்.

தருமன் சற்று நேரம் கழித்து வந்தான். மனைவி பார்த்த பார்வையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் உட்காரவில்லை. வெயிலிலேயே நின்றான்.

"பட்டறைக்குச் சேதி எடுத்தாந்தது நீங்கதானே?" என்று கேட்டாள் லோகாம்பாள்.

"ஆமா."

"எடமா சுத்தணும்னு உங்ககிட்ட சொல்லித்தான் அனுப்பினாங்களா?"

"ஆமா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு உனக்கு வளைகாப்பு. அன்னிக்கே நல்ல நாளுன்னு மொத வார் கட்டினாங்க. நான் வந்து வாசப்படியில நிக்கறேன். உள்ள நலங்கு பாட்டு. பட்டறையில மாமா கற்பூரத் தட்டோட வண்டிய வலமா சுத்திக்கினு வராரு. நீ கை நெறைய வளையலோட எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்கற. அந்த எடத்துல நின்னுக்கினு, இத எடமா சுத்தப் போறாங்க மாமான்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? உன் வயித்துக்கு முன்னாடி?"

"மறுநாள் சொல்லியிருக்கலாம்."

"மறுநாள் எளாவூருக்கு அனுப்பிட்டாங்க. துணிக்கட்டோட அங்கேர்ந்து வடக்க. அலைஞ்சிட்டு வந்தது பந்தயத்தன்னிக்குக் காலையில."

"பந்தயத்தப்போ அங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க?"

அவன் காலால் மணலைத் தள்ளினான்.

"வண்டிய பாத்தீங்க. வார் எப்படிக் கட்டிக் கீதுன்னு உங்களுக்குத் தெரியும், வளைகாப்புக்கு முன்னாடி தெனம் பட்டறையில எங்க நைனா வாய் ஓயாம பேசினது அதுதான். கையத் தூக்கி நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"நெனச்சேன். இத்தினி பேரு முன்னாடி நிறுத்தினா, சேதி சொல்லாததுக்கு அவரு சவுக்க எடுப்பாருன்னு நெனச்சேன். ரெண்டு சுத்துதானே, எப்படியும் தாங்கிடும்னு நெனச்சேன். மாமா கை வேலையாச்சே." தருமன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காலையில கேள்வி வந்தப்போ, அதுக்கு அடுத்த கேள்வி இன்னான்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு லோகா. யாருகிட்ட சொல்லி அனுப்பினோம்னு. வாய் தானா வேற பக்கம் திரும்பிடுச்சு."

கோட்டைக்குள் மணி அடித்தது. அவனைக் கூப்பிடும் மணி.

லோகாம்பாள் சோற்றுச் சட்டியை மூடினாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"போயி சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா எம் புருஷன நானே கப்பலேத்தினவ ஆயிடுவேன். சொல்லாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எங்கண்ணன் போயிட்டா, நீங்க சாயங்காலம் வூட்டுக்கு வருவீங்க. எல போடணும். சோறு வைக்கணும். நீங்க அத சாப்புடறத நான் குந்திக்கினு பாக்கணும். எத்தினி நாளைக்கு என்னால முடியும்னு எனக்குத் தெரியல. அத தெரிஞ்சிக்கினு உள்ள போங்க."

தருமன் போனான்.

*

எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள். கண்ணப்பன் மட்டும் இல்லை. மீன் ஏற்ற வேண்டும் என்று போய்விட்டார். நிழல் நகர்ந்து, வண்டியின் ஒரு சக்கரம் இப்போது நிழலில் இருந்தது.

எழுத்தர் கடிதத்தை வாசித்தார். தச்சன் மகன் துளசிங்கம், முன் பகை காரணமாக, பந்தயம் எந்தப் பக்கம் சுற்றும் என்று அறிந்திருந்தும், வலப்பக்கத்து வாரைத் தளர்த்திக் கட்டினான் என்று எழுதியிருந்தது.

"அவனுக்குச் சொல். அடையாளம் வைக்கச் சொல்," என்றார் பெரியதுரை.

தருமன் கடிதத்தை வாங்கிக்கொண்டு துளசிங்கத்தின் எதிரே போய் நின்றான். கடிதத்தில் இருந்ததைச் சொல்லவில்லை. காலையில் விழுங்கியதைச் சொன்னான்.

"துளசிங்கம். பந்தயம் எடப்பக்கமா சுத்தணும்னு கோட்டையிலேர்ந்து சேதி வந்துச்சு. அத உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

இல்லை என்பான். அதைத் துரையிடம் சொன்னால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார். கேட்டால் பதில் சொல்லிவிடலாம். வழியெல்லாம் தருமன் சேர்த்துக்கொண்டு வந்த தைரியம் அவ்வளவுக்குத்தான் இருந்தது. தானாக முன்னால் போய் விழத் தெரியவில்லை. யாராவது தள்ளினால் விழத் தயாராக இருந்தான்.

துளசிங்கம் நிமிர்ந்தான். மச்சானின் முகத்தைப் பார்த்தான். கடிதத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். தாள் தலைகீழாக இருந்தது. கோட்டையிலிருந்து பட்டறைக்குச் சேதி கொண்டுவருகிற ஆள் ஒருவர்தான் என்பதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் கோட்டை வாசல் பக்கம் திரும்பினான். அங்கிருந்து வெளியே உட்கார்ந்திருந்த தங்கையின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"சொன்னாங்க," என்றான்.

உலகநாதன் எழுந்துவிட்டார். "டேய். யார்ரா சொன்னது? நானும் அங்கதானே இருந்தேன்?"

"நீ கம்முனு இரு நைனா. உனக்குக் கேக்கல."

"இன்னாடா கேக்கல? எடமான்னு ஒருத்தன் சொல்லியிருந்தா நான் அந்த வார அப்படிக் கட்ட வுட்டிருப்பனா? மாப்ள, பொய் சொல்றான் இவன். துரைகிட்ட சொல்லுங்க, பொய் சொல்றான்னு சொல்லுங்க."

"எனக்குச் சொன்னாங்க," என்று துளசிங்கம் மறுபடி சொன்னான். "சவுக்கால அடிச்சாரு. மனசுல வச்சிருந்தேன். அவ்ளோதான் மச்சான். எழுதிக்கச் சொல்லு."

பெரியதுரை மேசையைத் தட்டினார். "என்ன சொல்கிறான்?"

தருமன் திரும்பினான்.

அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டே வார்த்தை. கேட்டதைக் கேட்டபடி பறங்கிப் பாஷையில் சொல்லிவிட்டால் போதும். துபாஷியின் கடமை அதுதான். அதைச் சரியாகச் செய்தால் இன்று சாயங்காலம் அவன் தன் வீட்டுக்குப் போவான். இவ்வளவு நேர்மையாக ஒரு மனிதன் தப்பித்துக்கொள்ள வேறு வழி கிடைக்காது.

"யாரும் தனக்குச் சொல்லவில்லை என்கிறான்," என்றான் தருமன்.

"தகப்பன்?"

"தகப்பனும் அதையேதான் சொல்கிறார்."

மீரானின் விரலில் மணி நின்றது. பெரியதுரை அதைக் கவனித்தார்.

"மரக்காயரே, உமக்கு இரண்டு பாஷையும் தெரியும். துபாஷி சொன்னது சரிதானா?"

மீரான் எழுந்து நின்றார். துளசிங்கத்தைப் பார்த்தார். அவன் ஒன்றும் புரியாமல், காரியம் முடிந்த நிம்மதியோடு நின்றிருந்தான். மரக்காயர் தஸ்பீஹை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவர் சொன்னதில் பொய் இல்லை துரை," என்றார்.

"அப்படியானால் சேதியை யாரிடம் கொடுத்தோம்?"

எழுத்தர் தயங்கித் தருமனைப் பார்த்தார். அவர் சொல்லும்வரை தருமன் காத்திருக்கவில்லை.

"என்னிடம். நான் பட்டறையில் சொல்லவில்லை."

"ஏன்?"

தருமன் வாயைத் திறந்தான். எத்தனையோ வருஷம் பேசிய பாஷை. துணியின் தரம், நூலின் எண், கப்பலின் சுங்கம் எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருந்தது. கற்பூரத் தட்டையும் கண்ணாடி வளையலையும் வாசற்படியையும் வைத்து ஒரு வாக்கியம் செய்ய முயன்றான். அது பாதியில் நின்றது. அந்த வீட்டில் அன்று நல்ல காரியம், அதனால் சொல்லவில்லை என்று முடித்தான்.

"ஒரு கம்பத்தை எந்தப் பக்கமாகச் சுற்றினால் என்ன நல்ல காரியம் கெட்டுவிடும்?" என்றார் பெரியதுரை.

"இவர்கள் இடமாகச் சுற்றுவது பிணத்தைத்தான்," என்றார் மீரான். "பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நான் அந்த மதத்துக்காரன் இல்லை. ஆனாலும் எனக்கு அது புரிகிறது."

மேல்மாடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தட்டிக்குப் பின்னால் இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எழுத்தர் மெல்லக் கேட்டார். "சேதியை மறந்தான் என்று எழுதவா, மறைத்தான் என்று எழுதவா?"

"அவன் சொன்னபடியே எழுது. எது என்று நாகப்பட்டணம் தீர்மானிக்கட்டும்." துரை தருமன் பக்கம் பார்க்காமல் சொன்னார். "பதில் வரும்வரை இரண்டு பேரும் உள்ளே இருக்கட்டும்."

சிப்பாய் இன்னொரு விலங்கு கொண்டுவந்தான். தருமன் குனிந்து தானே வேட்டியைத் தூக்கிக் கொடுத்தான். துளசிங்கத்துக்கு அப்போதுதான் ஏதோ தவறிப் போனது தெரிந்தது.

"மச்சான், உனக்கு எதுக்கு? நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே."

"அப்பறம் இன்னா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லு, சங்கிலி மாட்டிக்கப் போவுது."

உலகநாதன் மகனையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். பேசப்பட்ட பாஷையில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் மருமகனின் காலில் பூட்டு விழுந்த சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார்.

எழுத்தர் புதுத் தாளில் எல்லாவற்றையும் திருத்தி எழுதினார். பெரியதுரை கையெழுத்திட்டார். மீரான் தம் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதினார். தாளை மடித்தார்கள். அரக்கு உருகி மடிப்பின் மேல் சொட்டியது. துரை முத்திரையை அழுத்தி, அது இறுகும்வரை எடுக்காமல் இருந்தார். பிறகு கடிதம் மெழுகுத் துணியில் சுற்றப்பட்டு, அஞ்சல்காரனின் தோல் பைக்குள் போனது.

வாசலில் லோகாம்பாள் நின்றிருந்தாள். அஞ்சல்காரன் அவளைத் தாண்டிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான். அவனுக்குப் பின்னால் மீரான் தனியாக வந்தார்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். யார் என்று சொல்லவில்லை.

"உங்கண்ணன் பழிய தன் தலையில போட்டுக்கினான். உங்க வூட்டுக்காரரு அத அப்படியே சொல்லல. யாரும் அவனுக்குச் சொல்லலன்னு மாத்திச் சொன்னாரு. சேதிய மறைச்சது நான்தான்னும் சொன்னாரு. இப்ப ரெண்டு பேரும் உள்ள கீறாங்க."

லோகாம்பாளின் கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் அழவில்லை. சோற்றுச் சட்டியை எடுத்து மரக்காயரிடம் நீட்டினாள்.

"உங்கள உள்ள வுடுவாங்க இல்ல? ரெண்டு பேருக்கும் போதும். அவருக்கு மொதல்ல குடுங்க. காலையிலேர்ந்து அவரும் ஒண்ணும் சாப்புடல."

மீரான் சட்டியை வாங்கிக்கொண்டார்.

துறையில் படகுக்காரன் கழியை ஊன்றித் தள்ளினான். தோல் பை படகின் முன்முனையில் உட்கார்ந்திருந்த அஞ்சல்காரனின் மடியில் இருந்தது. படகு மணல்திட்டுகளை விலக்கிக்கொண்டு, தெற்கே, ஆழமான தண்ணீருக்குள் போனது.